கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள ஹாலிஃபாக்ஸ் துறைமுகம் போர்க்காலங்களில் ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது?

முதல் காரணம் பனிக்கட்டி. குளிர்காலத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆறு உறைந்துவிடும். அதன் கரையில் உள்ள மான்ட்ரியல் துறைமுகமும் அன்றெல்லாம் அந்த மாதங்களில் மூடிக்கிடந்தது. ஹாலிஃபாக்ஸ் உறைவதில்லை. ஐரோப்பாவுக்கும் ஓரளவு பக்கம்.

அடுத்தது நில அமைப்பு. கடலிலிருந்து நீண்டு உள்ளே போகும் துறைமுகம், 'நாரோஸ்' என்ற ஒடுக்கமான வழியாகச் சுருங்கி, பிறகு பெட்ஃபோர்டு பேசின் என்ற பெரிய நீர்ப்பரப்பாக விரிகிறது. வெளியே நீர்மூழ்கிகள் சுற்றினாலும் கப்பல்கள் உள்ளே பத்திரமாகக் கூடி, அணியாகப் புறப்படலாம். இரண்டு உலகப் போர்களிலும் அதுதான் நடந்தது. லூயிஸ்பர்க் கோட்டையில் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக, மிக்மாக் என்ற பூர்வகுடி மக்களின் மண்ணில், ஆங்கிலேயர்கள் 1749இல் இங்கே ஊர் அமைத்ததும் இந்த வசதிக்காகவே.

ஆனால் அந்த ஒடுக்கமே வினையாகவும் முடிந்தது. 1917 டிசம்பர் 6 காலை, வெடிமருந்து ஏற்றி வந்த பிரெஞ்சுக் கப்பல் மோன்-ப்ளான், நார்வே நாட்டு இமோவுடன் நாரோஸில் மோதித் தீப்பிடித்தது. வேடிக்கை பார்க்க ஜனங்கள் ஜன்னலோரம் வந்து நின்றார்கள். கப்பல் வெடித்ததும் கண்ணாடி சிதறியது. பலருக்குக் கண் போனது அதனால்தான். ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள், வடபகுதியான ரிச்மண்ட் தரைமட்டம். வின்சென்ட் கோல்மன் என்ற ரயில்வே ஊழியர், வரும் ரயிலை நிறுத்தச் சொல்லித் தந்தியடித்துவிட்டு அங்கேயே உயிரைவிட்டார்.