புத்தகமா, உயிரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போர்க்காலத்தில் நூல்களைக் காப்பாற்றிய நூலகர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சனங்கள் பட்டினியில் சாகும்போது புத்தக மூட்டையைச் சுமப்பது சரியா? அந்த நேரத்தில் ஓர் உயிரையாவது காப்பாற்றியிருக்கலாமே என்று மனசு கேட்கிறது. தவறாக எண்ண வேண்டாம்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

தவறாக எண்ண ஒன்றுமில்லை. பலரும் கேட்பதுதான். இரண்டாம் உலகப் போரின்போது லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் நடந்ததைச் சொல்கிறேன்.

1941-இல் அந்த ஊர் யூதர்களை நாஜிகள் கெட்டோ என்ற அடைப்புப் பகுதிக்குள் அடைத்தார்கள். ஓனா ஷிமைட்டே யூதர் அல்ல, பல்கலைக்கழக நூலகர். யூத மாணவர்கள் திருப்பித் தராத புத்தகங்களை வாங்கி வரவேண்டும் என்று காரணம் சொல்லி உள்ளே போக அனுமதி வாங்கினார். போகும்போது உணவு, வரும்போது கையெழுத்துப் பிரதிகள். ஆட்களையும் ஒளித்துவைத்தார். 1944-இல் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, ஜெர்மனியின் டாஹாவ் வதைமுகாம் வரை போய் உயிரோடு மீண்டார். இவர் காப்பாற்றியது புத்தகத்தையா, உயிரையா?

கெட்டோவுக்குள் அடைபட்டிருந்த ஹெர்மன் க்ருக் அங்கே ஒரு நூலகம் நடத்தினார். 1941 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோரைப் பொனாரிக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அதே மாதம் நூலக உறுப்பினர்களின் எண்ணிக்கை கூடியது. 1942 டிசம்பரில் ஒரு லட்சமாவது புத்தகம் இரவல் போனதற்கு விழாவே எடுத்தார்கள். பசித்துக் கிடந்தவர்களே வந்து கேட்டார்கள், ஐயா. வயிறு நிறைந்த நாம் அதை ஆடம்பரம் என்று சொல்லக்கூடாது.

யூத நூல்களைத் தரம் பிரிக்கவும் நாஜிகள் கெட்டோவாசிகளையே அமர்த்தினார்கள். பொறுக்கியெடுத்தவை ஜெர்மனிக்கு, பெரும்பகுதி கூழாக்கக் காகித ஆலைக்கு. கவிஞர் ஆப்ரஹாம் சுட்ஸ்கேவரும் தோழர்களும் தாள்களை உடைக்குள் செருகிக் கடத்தினார்கள். வாயிற்காவலில் சிக்கினால் அடி, உயிரும் போகலாம். இவர்களில் சிலர் கெட்டோவின் எதிர்ப்புப் படைக்குத் துப்பாக்கியும் கடத்தியவர்கள். ஒன்றுக்காக மற்றதை அவர்கள் கைவிடவில்லை.

இன்னொன்றும் உண்டு. பொனாரியில் குண்டுபட்டுத் தப்பி வந்தவர்கள் சொன்னதை க்ருக் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அப்போது கெட்டோவில் பலர் அதை நம்பவே இல்லை. 1944 செப்டம்பரில் எஸ்தோனியாவின் லாகெடி முகாமில் அவரைக் கொன்றார்கள். அதற்கு முந்தைய நாள், முகாமில் எழுதிய குறிப்புகளைச் சிலர் பார்க்கப் புதைத்திருந்தார். அவர்களில் உயிர் பிழைத்த ஒருவர் திரும்பிப் போய்த் தோண்டியெடுத்தார். அங்கே நடந்ததை இன்று நாம் அறிந்திருப்பதில் அந்தக் காகிதங்களுக்கும் பங்குண்டு.