நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கடகடவென்று வாசிக்கிறார்கள், கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள். நேரமே இல்லை, சமூக அறிவியலைக் குறைத்துவிட்டு வாசிப்புப் பயிற்சியைக் கூட்டலாமா? இதைப் பாடக்குறிப்பேட்டில் எப்படிக் காட்டுவது?

வேண்டாம். வாசிப்பைத் தாராளமாகக் கூட்டுங்கள், ஆனால் சமூக அறிவியல் நேரத்தில் கை வைக்காதீர்கள். அந்த நேரத்துக்குள்ளேயே வாசிப்பைக் கொண்டு போய்விடலாம், அதைத்தான் நான் செய்கிறேன். நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி, மூன்று நான்கு ஐந்து மூன்றும் என் தலையில். அதனால் உங்கள் "நேரமே இல்லை" எனக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு விஷயம் சொல்கிறேன், அதிலிருந்து மற்றதெல்லாம் வரும். நெல் நடவு பற்றி ஒரு பத்தி. நாற்றங்கால், நாற்று பறிப்பது, வயலில் தண்ணீர் கட்டி நடவு நடுவது, அவ்வளவுதான். ஒரு பையன், நல்ல வாசிப்பு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிப்பான். "நடவுக்கு முன் உழவர் வயலில் என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்கு "தண்ணீரை வெளியேற்றுகிறார்" என்று எழுதியிருந்தான். பத்தியில் நேர்மாறாக இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டேன். "தண்ணி நின்னா அழுகிடும்ல டீச்சர்" என்றான். அவன் வீட்டில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறார்கள். மழைக்கு முன்னால் பாத்தியிலிருந்து தண்ணீர் வடிய வழி வெட்டிவிடுவது அவனுக்குத் தெரிந்த விவசாயம், அதில் அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நெல் வயலை அவன் பார்த்ததே இல்லை. பத்தியில் வாசித்ததை விட அப்பா செய்வதை நம்பிவிட்டான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இந்தப் பையனுக்கு இன்னும் பத்து பத்தி வாசிக்கக் கொடுத்து, பத்துக்கும் கேள்வி கேட்டு, "முக்கியக் கருத்தைக் கண்டுபிடி" என்று பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வயல் என்றால் சமதளம், வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கலாம், நெல் தண்ணீரில் நின்று வளரும் என்பது தெரிந்தால்தான் அந்தப் பத்தி அவனுக்குத் திறக்கும். அதைச் சொல்லித் தர வேண்டிய பாடம் எது? ஐந்திணை, நிலமும் தொழிலும், அதாவது நீங்கள் குறைக்கலாமா என்று கேட்கிற அதே பாடம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் சுமார்தான், ஆனால் பேஸ்பால் தெரியும் என்கிற பிள்ளைகள், நன்றாக வாசிக்கிற ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளை விட அதிகமாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் கிரிக்கெட் செய்தியை வைத்துச் செய்து பாருங்கள், தமிழ்ப் பாடத்தில் திணறுகிற பையன் வர்ணனையே கொடுப்பான். பிறகு 2020இல் ஃபோர்டாம் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தரவை எடுத்துப் பார்த்தது. ஒன்று முதல் ஐந்து வரை தினமும் அரை மணி நேரம் கூடுதலாகச் சமூக அறிவியல் கிடைத்தவர்கள் ஐந்தாம் வகுப்பில் வாசிப்பில் முன்னே நின்றார்கள், மொழிப் பாடத்துக்கு நேரத்தைக் கூட்டியதில் அப்படி எதுவும் தெரியவில்லை. இருக்கிற தரவைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு அது, இதனால்தான் அது நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் சமூக அறிவியலைக் கடைசிப் பீரியடுக்குத் தள்ளி, அதையும் கலை விழா ஒத்திகைக்குத் தாரை வார்க்கிற நமக்கு யோசிக்க அது போதும்.

சரி, வகுப்பில் எப்படி என்று கேட்பீர்கள். முதலில் பேச்சு. புத்தகத்தைத் திறப்பதற்கு முன் கொஞ்ச நேரம் பேச விடுகிறேன். என் வகுப்பில் படுகு பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், இருளர் பிள்ளைகள் இருக்கிறார்கள், எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் இப்போது சேருகிறார்கள். அவரவர் மொழியில் பக்கத்துப் பிள்ளையிடம் பேசிவிட்டு அப்புறம் தமிழில் எனக்குச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். சத்தம் வரும். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பரவாயில்லை.

அப்புறம் கேள்வி. புத்தகத்தின் கடைசிப் பக்கக் கேள்வியில் பாதிக்கு மேல் பார்த்து எழுதுகிற கேள்விதான், கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடி, அந்த வரியை அப்படியே நோட்டில் இறக்கிவிட்டால் முழு மதிப்பெண். பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். அதனால் பாடத்தில் பதில் நேராக இல்லாத கேள்வி ஒன்றாவது தினமும் வேண்டும். மலை ரயிலை வைத்து நான் எழுதிய சின்னப் பத்தி ஒன்று இருக்கிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடியது, 1908இல் ஊட்டி வரை நீண்டது, மொத்தம் 46 கிலோமீட்டர், கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும், அந்த ஏற்றத்தில் இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் என்று எழுதியிருப்பேன். கேள்வி: இன்ஜின் ஏன் முன்னால் நின்று இழுக்கவில்லை?

பத்தியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள், காணோம். முன்னால் நின்றால் புகை பெட்டிக்குள் வரும் என்றாள் ஒருத்தி, மோசமான பதில் இல்லை. பிக்கப் வண்டி ஓட்டுகிறவர் மகள் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, "கொக்கி கழண்டா பெட்டியெல்லாம் கீழ உருண்டு போயிடும், இன்ஜின் கீழ் பக்கம் இருந்தா பிடிச்சுக்கும்" என்றாள். அதுதான் காரணம். ஏற்றத்தில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கல் வைக்கப் பின்பக்கம் ஓடுகிற அப்பாவைப் பார்த்திருக்கிறாள், பத்தியில் இருந்ததையும் அதையும் சேர்த்துவிட்டாள். புரிந்து வாசிப்பது என்று பயிற்சிகளில் நாள் முழுக்கச் சொல்கிறார்களே, அது இதுதான். அதற்கடுத்து "ஊட்டிக்கு ரயில் வராத காலத்தில் உருளைக்கிழங்கு எப்படிக் கீழே போயிருக்கும்?" என்று ஒரு கேள்வி போட்டால் வரலாறு தானாக வரும், மாட்டு வண்டி, குதிரை, தலைச்சுமை என்று அவர்களே அடுக்குவார்கள்.

வரைபடம் தனிக் கதை, மலையில் பாடம் நடத்துகிறவர்களுக்கு மட்டும் வருகிற சிக்கல் ஒன்று அதில் இருக்கிறது. சுவரில் மாவட்ட வரைபடத்தை மாட்டி "மேலே வடக்கு, கீழே தெற்கு" என்று நாம் சொல்வோம். மலைப் பிள்ளைக்கு மேலே என்றால் ஏற்றம், கீழே என்றால் இறக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போவது கீழே போவது, வரைபடத்திலும் அது கீழேதான் இருக்கிறது, அதனால் புரிந்துவிட்டது போலவே இருக்கும். மசினகுடியைக் காட்டச் சொன்னால்தான் குட்டு உடையும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம், ஆனால் வரைபடத்தில் ஊட்டிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது! "தப்பா போட்டுட்டாங்க டீச்சர்" என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான். இதற்கு நான் செய்வது, வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் விரிப்பது. காலையில் சூரியன் வந்த பக்கத்தைப் பிள்ளைகளே காட்டட்டும், அதை வைத்து வரைபடத்தின் வடக்கை உண்மையான வடக்குப் பக்கம் திருப்பிப் போட்டு, சுற்றி உட்கார வேண்டும். அப்போது மசினகுடி "மேலே" இல்லை, அந்தப் பக்கம், அவ்வளவுதான். உயரத்தைக் காட்ட நிறம் இருக்கிறது என்பதை அதற்கப்புறம் சொன்னால் ஏறும், முன்னால் சொன்னால் இரண்டும் குழம்பும்.

உள்ளாட்சிப் பாடத்துக்குப் புத்தகத்தை விட ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுகிற கிராம சபை அறிவிப்பு எவ்வளவோ மேல். செல்போனில் படம் எடுத்து வந்து அப்படியே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆறு நாள் கூடுகிறது. பிள்ளைகள் அதை ஒரு மூச்சில் ஒப்பிப்பார்கள். ஒப்பித்தபின், "குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை, இந்த அறிவிப்பில் எந்த வரியைக் காட்டிப் பேசுவாய்?" என்று கேளுங்கள். கூட்டப் பொருளில் குடிநீர் என்ற வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதற்கு முழுவதையும் வாசித்தாக வேண்டும். ஒரு எச்சரிக்கை: பேரூராட்சி, நகராட்சிப் பகுதியில் வீடு இருக்கிற பிள்ளைக்குக் கிராம சபை கிடையாது, யார் வீடு எதில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை கொடுத்தால் எடை போட்டுத் தருகிற சீட்டு, பஸ் நேரப் பலகை, இதெல்லாமும் வாசிப்புப் பாடம்தான்.

ஐந்தாம் வகுப்புக்கு இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது, இங்கே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968இல் தொடங்கியதே அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். இதைப் பத்தியாகக் கொடுத்துவிட்டு, வீட்டில் பெரியவர்கள் யாராவது விருப்பப்பட்டுச் சொன்னால் கேட்டு எழுதி வரச் சொல்கிறேன். கப்பல், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாம், கையில் கொண்டு வந்த பெட்டி என்று எழுதி வருகிறார்கள். பத்தியில் எண் இருக்கிறது, பாட்டி சொன்னதில் குளிர் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்து எது எதில் இல்லை என்று தேடுவது நல்ல வாசிப்பு வேலை. ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். சில வீடுகளில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை கொடுத்துவிடுங்கள்.

உள்ளூரை வைத்து நடத்துங்கள் என்று சொன்னால் சிலர் உள்ளூரோடு நின்றுவிடுகிறார்கள், அதுவும் ஆபத்துதான். தேயிலை, உறைபனி, காட்டெருமை பற்றி எழுத என் பிள்ளைகளுக்கு நான் தேவையில்லை. கடல், உப்பளம், டெல்டா, பாலைவனம் இதற்குத்தான் நான் தேவை. நெல்லுக்கு மேட்டுப்பாளையம் தாண்டிப் போக முடியவில்லை என்றால் செல்போனில் நடவு வீடியோ போட்டேனும் காட்டிவிட்டுத்தான் பத்தியைத் திறக்க வேண்டும்.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி, கீழிருந்து மேலாக, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருக்கிறோம், இன்னும் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி தனியாக வேண்டும், அதில் சமரசமே இல்லை, நான் மேலே சொன்னது எதுவும் அதற்கு மாற்றாகாது. ஆனால் எழுத்து வரும் வரை உலகத்தை அதற்கு மூடி வைக்க வேண்டியதில்லை. நான் சத்தமாக வாசிக்கும்போது அரும்பும் கேட்கட்டும், பேசட்டும், படம் வரையட்டும். கொக்கி கழண்டா என்று சொன்னவள் அப்போது மொட்டில்தான் இருந்தாள்.

பாடக்குறிப்பேட்டில் எப்படிக் காட்டுவது என்பதும் உங்கள் கேள்வியில் இருந்தது. ஒரே பத்திக்குத் தமிழின் கற்றல் விளைவு ஒன்று, சமூக அறிவியலின் கற்றல் விளைவு ஒன்று, இரண்டையும் எழுதி, இரண்டு பீரியடையும் அடுத்தடுத்து வைத்துவிடுகிறேன். பார்வைக்கு வந்தவர்கள் யாரும் இதுவரை ஆட்சேபம் சொன்னதில்லை. கேட்டால் பிள்ளைகளின் நோட்டைக் காட்டுங்கள், பார்த்து எழுதாத பதில் எழுத்துப் பிழையோடு இருந்தாலும் பார்த்தவுடன் தெரியும்.