தாத்தாவோட மிலிட்டரி லாரி: அது சக்திமானா, பச்சை பெயிண்ட் அடிக்கலாமா?

கூடலூர் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். தாத்தா மரம் ஏத்துறதுக்காக ஏலத்துல எடுத்த மிலிட்டரி லாரி 18 வருஷமா ஷெட்டுல நிக்குதாம், மேல எங்கயும் பேர் இல்ல, ஆறு ஸ்பார்க் பிளக் இருக்கு, முன் ஆக்ஸில்லயும் டிஃபரென்ஷியல் (ரெண்டு பக்க சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் குடுக்குற கியர்) இருக்கு, ஊர்ல எல்லாரும் சக்திமான்னு சொல்றாங்க, ரெடி பண்ணி ராணுவப் பச்சை அடிச்சு ஓட்டணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னு.

தம்பி, பிளக் இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி விடை வந்துடுச்சு. சக்திமான் டீசல் வண்டி. ஜெர்மனி மேன் கம்பெனி லைசென்ஸ்ல 1959லேர்ந்து 1996 வரைக்கும் ஜபல்பூர்ல போட்டது, அதுல பிளக்குக்கு வேலையே இல்ல. உங்களுது பெரும்பாலும் அதே ஜபல்பூர்ல போட்ட நிஸ்ஸான் ஒன் டன் லாரியா இருக்கும், 3956 சிசி பெட்ரோல் இன்ஜின், ஆறு சிலிண்டர். தோனி 2019ல வாங்கினாரே ஜோங்கான்னு ஒரு ராணுவ ஜீப், அந்த வண்டியும் இதே குடும்ப இன்ஜின்தான், அதனால ஸ்பேர் தேடும்போது நிஸ்ஸான்னு மட்டும் கேக்காதீங்க, ஜோங்கான்னும் கேளுங்க, சென்னை புதுப்பேட்டை ஸ்பேர் கடைங்கள்ல பாதி பேருக்கு அந்தப் பேர்தான் தெரியும்.

ஆனா முடிவு கட்டிடாதீங்க, ஏன்னா ரெண்டாம் உலகப்போர் வண்டிங்கள்ல சிலதும் ஆறு பிளக்தான். ஸ்டியரிங் இடது பக்கம்னா அமெரிக்க டாட்ஜ் மாதிரி ஏதாவது. ஸ்டியரிங் வலது பக்கம் இருந்து மூக்கு சப்பையா, பானெட்டே இல்லாத மாதிரி தெரிஞ்சா கனடால பிரிட்டிஷ் ராணுவத்துக்காக போட்ட செவர்லே. அப்புறம் முன் பம்பர்ல 400 நம்பர் வாட்டர் பேப்பர் வச்சு தண்ணி விட்டு மெதுவா தேயுங்க. அவசரப்பட்டு கிரைண்டர் போட்டீங்கன்னா சரித்திரமே போச்சு. மேல பின்னாடி அடிச்ச பெயிண்ட், அதுக்குக் கீழ ரெட் ஆக்சைடு பிரைமர், அதுக்கும் கீழ பச்சைன்னு ஒவ்வொண்ணா வரும், அதிர்ஷ்டம் இருந்தா வெள்ளைல மேல் நோக்கின ஒரு அம்புக்குறியும் பக்கத்துல ரெண்டு நம்பரும் தெரியும், அந்த ரெண்டு நம்பர்தான் ராணுவம் வண்டியை வாங்கின வருஷம்.

அடுத்து ஆர்சி புக். சேஸிஸ் நம்பர் இருக்கிற இடத்தை டீசல் போட்டு கம்பி பிரஷ்ஷால துடைச்சுட்டு, மேல மெல்லிசு பேப்பர் வச்சு பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேச்சா நம்பர் அப்படியே எழும்பி வரும், ஆர்டிஓ ஆபீஸ்ல கேக்குற பிரிண்ட்டும் இதேதான். ஆர்சியோட ஒத்துப் போகலேன்னா அங்கயே நிறுத்திடுங்க, பைசா செலவு பண்ணாதீங்க.

பச்சை ஆசையை விட்டுடுங்க. மத்திய மோட்டார் வாகன விதி 121 படி பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேற எதுக்கும் ஆலிவ் கிரீன், அதான் ராணுவப் பச்சை, அடிக்கக் கூடாது. ராணுவத்துலேர்ந்து வந்த வண்டின்னாலும் ஏலத்துல வெளிய வந்தாச்சுன்னா அது சிவிலியன் வண்டிதான். மணல் கலரோ சாம்பலோ அடிங்க, என்னைக் கேட்டா சாம்பல்தான் அழகு. டீசல் இன்ஜின் மாத்தச் சொல்லி ஊர்ல நாலு பேர் வருவாங்க, அதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல ஆர்டிஓ அனுமதி வேணும், அதுவும் போக, 50 வருஷம் தாண்டின ஒரிஜினல் வண்டிக்கு 2021ல வின்டேஜ் பதிவுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுல வாடகைக்கோ தினசரி உபயோகத்துக்கோ ஓட்டக் கூடாது, இன்ஜினை மாத்தினா அந்த வழி அடைஞ்சு போயிடும். உங்க வண்டி அதுல வருமான்னு ஆர்டிஓல நேர்ல கேட்டுட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்க.

இப்ப இன்ஜின். தள்ளியோ டிராக்டர் கட்டி இழுத்தோ ஸ்டார்ட் பண்றதெல்லாம் வேணவே வேணாம், பிஸ்டன் ரிங் துருப் பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்தா கனெக்டிங் ராடே வளைஞ்சுடும். ஆறு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஊத்தி ரெண்டு நாள் விட்டுட்டு, கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டுக் கையால அசைச்சுப் பாருங்க. அசைஞ்சா பாதி ஜெயிச்சாச்சு. டேங்க்ல இருக்கிற பழைய பெட்ரோல் பிசினாயிருக்கும், டேங்க்கையே இறக்கிடுங்க. டிஃபரென்ஷியல் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. சேஸிஸ் நீளத்துக்கும் சின்ன சுத்தியால தட்டிக்கிட்டே வாங்க, நல்ல இரும்பு கணீர்னு பேசும், துரு தின்ன இடம் பொத்து பொத்துன்னு சொல்லும், ரிவிட் இருக்க வேண்டிய இடத்துல வெல்டிங் இருந்தா யாரோ ஒட்டுப் போட்டிருக்காங்க.

பிரேக் சரி பண்ணாம ஒரு அடி கூட நகர்த்தாதீங்க. வீல் கழட்டுறதுக்கு முன்னாடி இடது பக்க ஸ்டட் (வீல் நட்டு மாட்டுற போல்ட்) முனைல 'எல்' எழுத்து இருக்கான்னு பாருங்க, இருந்தா அது தலைகீழ் மரை, வலது பக்கமா சுத்தினாதான் கழலும். தெரியாம நானும் என் பையனும் ஒரு மத்தியானம் பூரா நாலடி பைப் போட்டுத் தொங்கி ரெண்டு ஸ்டட்டை முறிச்சோம், நட்டு என்னவோ இறுகிக்கிட்டேதான் போச்சு.

ஓட ஆரம்பிச்சதும் காமிக்கறதுக்காக ஃபோர் வீல் லீவரைப் போட்டுக்கிட்டு தார் ரோட்டுல வளைக்காதீங்க, முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல டிஃபரென்ஷியல் கிடையாது, ரெண்டுக்கும் பவரைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிடும். சேறு, மணல், ஈர மண்ணுன்னா தாராளமா போடுங்க.