வயிற்றின் உட்தசையும் தீராத இடுப்பு வலியும்

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. துறைமுகத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து விற்கிறார். இரண்டு ஆண்டுகளாக இடுப்பு வலி. எக்ஸ்ரேயில் கோளாறு ஏதும் இல்லை. வயிற்றின் உட்தசை சரியாக இயங்கவில்லை என்கிறார் பிசியோதெரபிஸ்ட். வலி முதுகில் இருக்க, வயிற்றுக்குப் பயிற்சி எதற்கு?
(வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: வயிற்றுத் தசைகளில் எல்லாவற்றுக்கும் உள்ளே, அரைக்கச்சை கட்டியதுபோல் குறுக்காக ஓடும் தசைக்கு டிரான்ஸ்வர்சஸ் அப்டாமினிஸ் என்று பெயர். அதன் பின்பகுதி கீழ்முதுகின் தடித்த சவ்வோடு இணைந்திருப்பதால், அது இறுகும்போது வயிற்றினுள் அழுத்தம் கூடி முதுகெலும்புக்குத் தாங்கல் கிடைக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தசை இயங்கும் நேரத்தைப் பதிய அதனுள் மெல்லிய கம்பி மின்முனைகளைச் செலுத்தி, நின்றபடி கையைச் சட்டென்று அசைக்கச் சொன்னார்கள். வலியில்லாதவர்களுக்குத் தோள் தசை இயங்கும் முன்பே உட்தசை இறுகி முதுகைத் தயார்செய்தது. முதுகுவலி கண்டவர்களுக்கோ அது நொடியின் மிகச் சிறு பங்கு பிந்தியது. ஆகவே உங்கள் அம்மாவின் தசையைப் பலவீனமானது என்பதைவிட, நேரம் தவறுகிறது என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். படுத்து எழும் கடும் பயிற்சிகள் பெரும்பாலும் வெளித்தசைகளுக்கே வேலை தருவதால், அவற்றில் தொடங்க வேண்டாம்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, மூச்சை அடக்காமல், தொப்புளுக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் மென்மையாக உள்ளிழுத்து 10 நொடி நிறுத்துவது வழக்கமான தொடக்கம். இதை 10 முறை செய்யலாம். பழகிய பின் உட்காரும்போதும், குனியும்போதும், இறுதியில் கூடையைத் தூக்கும்போதும் அதே இறுக்கம் வரப் பழக வேண்டும். படுக்கையோடு நின்றுவிட்டால் சந்தையில் பயன் தராது.

ஆனால் இத்தசை ஒன்றையே குற்றவாளியாக்க வேண்டாம். நலமானவர்களின் முதுகில் உப்புக் கரைசலைச் செலுத்தித் தற்காலிக வலி உண்டாக்கியபோதும் இத்தசையின் இயக்கம் மாறியது. வலியே தசையைத் தடுமாறச் செய்யக்கூடும் என்பதற்கு இது சான்று. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், நாள்பட்ட இடுப்பு வலிக்கு இவ்வகைப் பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளைவிடக் கூடுதல் பலன் தருவதாகக் காணவில்லை. எனவே அம்மாவுக்குப் பிடித்து, விடாமல் செய்யக்கூடிய நடைப்பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடையை ஏற்றிவிட யாரேனும் கைகொடுப்பதும் மருந்துக்குச் சமம்.

கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சலோடு வலி கூடினாலோ, பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.