சர்வீஸ் சார்ஜ் கட்டிய பிறகும் டிப்ஸ் வைக்க வேண்டுமா?

கேள்வி: போன மாதம் சென்னையில் ஒரு ஏசி ரெஸ்டாரண்டில் குடும்பத்தோடு சாப்பிட்டோம். பில்லில் ஜிஎஸ்டியோடு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் இருந்தது. கேட்டதற்கு, "அது கவர்ன்மென்ட் ரூல் மேடம்" என்றார் மேனேஜர். கட்டிவிட்டேன். நன்றாகக் கவனித்துக்கொண்டாரே என்று சர்வருக்குத் தனியாக 100 ரூபாயும் கொடுத்தேன். இரண்டு முறை டிப்ஸ் கொடுத்து ஏமாந்துவிட்டாய் என்கிறார் என் கணவர். டிப்ஸ் எப்போது, எவ்வளவு கொடுப்பது சரி? (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதிதான் சரி. கையில் கொடுத்த அந்த 100 ரூபாயில் நீங்கள் ஏமாறவில்லை. பில்லில் அச்சாகி வந்த 10 சதவீதத்தில்தான் ஏமாந்தீர்கள்.

மேனேஜர் சொன்னது பொய். சர்வீஸ் சார்ஜ் வரி இல்லை, அப்படி ஓர் அரசு விதியும் இல்லை. அது ஓட்டல்காரர் தாமாகவே போட்டுக்கொள்ளும் தொகை. கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம் என்று மத்திய அரசு 2017-லேயே சொல்லிவிட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இன்னும் கண்டிப்பாக வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதம் தடை வாங்கின. தீர்ப்பு வந்தது 2025 மார்ச் 28 அன்று. நெறிமுறைகள் செல்லும் என்று சொல்லி, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தது நீதிமன்றம். உடனே மேல்முறையீடு. சாப்பாட்டு பில்லில் பத்து சதவீதம் சேர்க்கலாமா என்ற கேள்விக்கே இந்த ஊர் நடைமுறையில் இத்தனை வருடம் ஆகிறது, என்ன சொல்ல!

"அது டெல்லி தீர்ப்பு, இங்கே செல்லாது" என்று சில மேனேஜர்கள் சொல்வார்கள். ஆணையம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாடு முழுவதற்குமானது. நெறிமுறைகளும் அப்படித்தான். "வாசலில் போர்டு வைத்திருக்கிறோமே, பார்த்துத்தானே வந்தீர்கள்" என்பது இன்னொரு பதில். போர்டு வைத்துவிட்டால் கட்டாயமாகிவிடாது.

உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். சாப்பாடு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் சார்ஜ் 120. இப்போது ஜிஎஸ்டி 1,200-க்குப் போடப்படாது, 1,320-க்குப் போடுவார்கள். சிஜிஎஸ்டி 33, எஸ்ஜிஎஸ்டி 33, மொத்தம் 1,386. சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் வரி 30, 30 என்று 1,260-இல் முடிந்திருக்கும். தராவிட்டாலும் தப்பில்லாத ஒரு தொகையைத் தந்து, அதற்கு வரியும் கட்டியிருக்கிறீர்கள். அந்த 120 சர்வர்களுக்குப் பிரித்துத் தரப்பட்டதா என்பது முதலாளிக்குத்தான் வெளிச்சம்.

அடுத்த முறை சர்வரிடம் வாக்குவாதம் வேண்டாம், பில் போடுவது அவர் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் குடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால்தான் பேச்சு வளரும். பெரும்பாலும் இரண்டே நிமிடத்தில் புது பில் வந்துவிடும், கேட்பவருக்கு எடுத்துவிடுவது என்பது பல இடங்களில் எழுதாத வழக்கம். மறுத்தால் கட்டிவிட்டு, பில்லோடு வந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். இதை நான் சொல்லாத வாரமே இல்லை. 'கஸ்டமர் கேர்' என்று தேடினால் மோசடிக்காரர்களின் செல்போன் எண்களும் சேர்ந்தே வரும். "பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள், ஓடிபி சொல்லுங்கள்" என்பார்கள். 126 ரூபாயை மீட்கப் போய் வங்கிக் கணக்கையே காலி செய்துகொண்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அப்புறம், நுகர்வோர் கோர்ட் வாசலில் நிற்கும் புரோக்கர்கள். "கேஸ் போட்டால் ஐம்பதாயிரம் நஷ்ட ஈடு வாங்கித் தருகிறேன், ஃபைலிங் ஃபீஸ் இரண்டாயிரம் மட்டும் கொடுங்கள்" என்பார்கள். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் அல்லது சேவை பற்றிய புகாருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், அதாவது அந்த நுகர்வோர் கோர்ட்டில், கட்டணமே கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை, அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் நீங்களே பதியலாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா மேல் வாய்தா போடுகிறது ஆணையம். அதனால் முதலில் 1915, அதில் சரியாகாவிட்டால் மட்டும் ஆணையம்.

சரி, டிப்ஸுக்கு வருவோம். எவ்வளவு என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை, நான் சொல்வது வழக்கத்தை வைத்துத்தான். டோக்கன் வாங்கி நாமே தட்டை எடுத்து வரும் கடை, பார்சல் கவுன்டர் இரண்டிலும் தேவையில்லை. இலை போட்டுச் சாப்பாடு பரிமாறும் சாதாரண ஓட்டலில் 10, 20 ரூபாய் போதும், சதவீதக் கணக்கெல்லாம் அங்கே வேண்டாம். ஏசி ரெஸ்டாரண்டில் 5 முதல் 10 சதவீதம். குழந்தைகளோடு போய் மேஜையைச் சுற்றி அமர்க்களம் பண்ணியிருந்தால் பத்தைத் தாண்டினாலும் தகும். கவனிப்பு மோசம் என்றால் ஒன்றும் வைக்க வேண்டாம், சங்கடப்படவும் வேண்டாம். ஆனால் தோசை தாமதமானதற்குச் சமையலறை காரணமாக இருந்தால் சர்வரைத் தண்டிக்காதீர்கள். சதவீதத்தைச் சாப்பாட்டுத் தொகைக்கு மட்டும் போடுங்கள். ஜிஎஸ்டியைச் சேர்க்காதீர்கள்.

ஜிஎஸ்டி என்றதும் ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், யாரும் கவனிக்காதது இது. ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட ஓட்டல்கள் 'காம்போசிஷன்' என்ற, சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் சேரலாம். அவர்கள் விற்பனையில் 5 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று ஒரு பைசா வாங்கக் கூடாது. பில்லின் மேலேயே, வரி வசூலிக்கத் தகுதியில்லாத காம்போசிஷன் வரிதாரர் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும், கடைப் பலகையிலும் எழுதியிருக்க வேண்டும். எத்தனை கடையில் பார்த்திருக்கிறீர்கள்? பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் வரிதாரர் தேடல் பகுதியில் போட்டால் அந்த ஓட்டல் எந்த வகை என்று காட்டிவிடும். 'காம்போசிஷன்' என்று வந்து, பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டிருந்தால் அது உங்களிடம் வாங்கவே கூடாத பணம். சின்ன ஓட்டல்தானே என்று விட்டுவிடுகிறோம். தினம் நூறு பேரிடம் வாங்கினால் அது சின்னத் தொகையா?

எதில் கொடுப்பது என்பது எவ்வளவு என்பதைவிட முக்கியம். சில்லறையாக வைத்திருந்து சர்வர் கையிலேயே கொடுங்கள். சோம்புக் கிண்ணத்தோடு வரும் பில் அட்டைக்குள் வைத்துவிட்டு எழுந்து போனால், அதை எடுப்பவர் உங்களுக்குப் பரிமாறியவராகத்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது. கார்டிலோ யுபிஐ-யிலோ பில்லோடு சேர்த்துக் கொடுத்தால் பணம் முதலாளி கணக்குக்குப் போகும். அப்படி வரும் டிப்ஸ் ஊழியர்களுக்குச் சேர வேண்டியது, முதலாளி அதை அவர்களுக்காக வாங்கி வைத்திருப்பவர்தான் என்று 2016-இல் ஒரு வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்னது சரி, ஒவ்வொரு ஓட்டலிலும் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறார்களா என்று போய்ப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஆப் வழியாகப் பில் கட்டும்போது டிப்ஸ் தொகை முன்கூட்டியே தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நீக்கிவிட்டு மேலே போங்கள்.

பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் கட்டிவிட்டால் அதற்கு மேல் டிப்ஸ் தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் சார்ஜை எடுக்கச் சொல்லிவிட்டு, அதில் பாதியை நேராகச் சர்வருக்குக் கொடுப்பதுதான் என் வழக்கம்.

போன மாத பில் இன்னும் கையில் இருந்தால் இப்போதும் 1915-இல் புகார் செய்யலாம். மாவட்ட ஆணையத்துக்குப் போக 2 வருட அவகாசம் உண்டு. அந்த மெஷின் பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.