கீட்டோ சாக்லேட்டும் பாரும் வாங்கி வைத்துக்கொண்டு எடையைக் குறைக்க முடியுமா?

இரண்டு மாதமாக மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறேன், ஐந்து கிலோ இறங்கியிருக்கிறது, இனிப்பு ஆசை வந்தால் சமாளிக்க கீட்டோ (மாவுச்சத்து மிகக் குறைவு என்று சொல்லி விற்கும்) சாக்லேட், பார், பிஸ்கட் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். எப்போதோ ஒரு விசேஷத்தில் ஒன்று சாப்பிடுவதை நான் தடுக்கவில்லை. வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அப்படி ஒரு பெட்டியால் எனக்கு ஆறு மாதம் வீணாயிற்று.

நான் தர்மபுரியில் இருக்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. 2022 ஜனவரியில் என் எடை 81 கிலோ. மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. என் அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் இரண்டை எடுத்திருக்கிறார்கள். அவருடைய காலுக்கு மருந்து கட்டிய கை என்னுடையது. அதனால் மருத்துவர் மாத்திரை எழுதாமல் மூன்று மாத அவகாசம் கொடுத்தபோது அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு என்றால் களிதான். கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்லும். அரிசியைவிட அதில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம் என்பது உண்மை. ஆனால் 100 கிராம் மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. குறைமாவு உணவு என்று முடிவு செய்தால் களி உருண்டைக்கு அதில் இடம் கிடையாது. களிக்குத் தொட்டுக்கொள்ளும் கீரைக் கடைசலையே கிண்ணம் நிறைய வைத்துக்கொண்டு, இரண்டு முட்டையோ கோழிக்குழம்போ சேர்த்துச் சாப்பிட்டேன். காலையில் முட்டையும் காய்ப் பொரியலும், மதியம் தயிரும் காயும் மீனும். ஏப்ரல் முதல் வாரத்தில் எடை 74.5.

எடையைவிட முக்கியமான ஒன்று அந்த மூன்று மாதத்தில் நடந்தது. அப்போது அதன் மதிப்பு எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாரத்திலேயே இனிப்பு ஆசை அடங்கிவிட்டது. சர்க்கரை போடாத டீ கசக்கவில்லை. பொரியலில் கேரட் இனித்தது. ஒரு மாலை பஸ் நிலையத்தில் வாங்கிய வேகவைத்த பச்சைக்கடலையை உரித்து வாயில் போட்டபோது அதன் பாலில் இருந்த இனிப்பு நாக்கில் தெளிவாகப் பட்டது. நாற்பது வயது வரை கடலை தின்றிருக்கிறேன். அது இனிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உங்களுக்கும் இரண்டு மாதம் ஆகியிருப்பதால் இது நடந்திருக்கும். அதை இழந்துவிடாதீர்கள் என்று சொல்வதற்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் பெங்களூரிலிருந்து வந்த என் நாத்தனார் ஒரு பெட்டி கொண்டுவந்தார். "அண்ணி, நீங்கள் எதுவுமே சாப்பிடாமல் இருக்கிறீர்களே, இதெல்லாம் உங்களுக்கு ஆகும்" என்று ஆசையாகக் கொடுத்தார். சாக்லேட், பாதாம் பிஸ்கட், கடலை வெண்ணெய் பார். ஒவ்வொன்றின் முகப்பிலும் பெரிய எழுத்தில் நெட் கார்ப் (கழிக்க வேண்டியதைக் கழித்து மீதி நிற்கும் மாவுச்சத்து) 3 கிராம், 2 கிராம் என்று அச்சிட்டிருந்தார்கள். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் அறையில் ஒரு சாக்லேட். ஒரு வாரத்தில் மாலை நான்கு மணிக்கு ஒரு பார். மே மாத விடுமுறையில் இரவு படுக்கும் முன்பு இரண்டு பிஸ்கட். பெட்டி தீர்ந்ததும் நானே இணையத்தில் வரவழைக்கத் தொடங்கினேன்.

இதில் எதையும் நான் பசித்துச் சாப்பிடவில்லை. அதற்கு முந்தைய மூன்று மாதம் மாலை நான்கு மணி என்பது வெறும் நான்கு மணியாக இருந்தது. இப்போது மூன்றே முக்காலுக்கே மனம் அலமாரிப் பக்கம் போனது. அடங்கிக் கிடந்த நாக்கை நான்தான் தினமும் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தேன். கேரட் மறுபடி சப்பென்று ஆயிற்று. ஆகஸ்டில் பள்ளியில் கொடுத்த லட்டை இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். குறைந்த மாவுச்சத்துப் பண்டம் சாப்பிட்டால் மற்ற இனிப்புகளின் ஆசை தணியும் என்பதுதான் அதை விற்பவர்கள் தரும் நம்பிக்கை. என் விஷயத்தில் அது ஆசையை வளர்த்தது. எடைக் குறிப்பேட்டில் ஜூலையில் 75.8. அக்டோபரில் 77.

இனி அந்த நெட் கார்ப் கணக்குக்கு வருகிறேன். தினமும் கழித்தலைச் சொல்லிக் கொடுக்கும் நான், அட்டையில் இருந்த கழித்தலைச் சரிபார்க்காமல் ஆறு மாதம் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்.

ஒரு பாரின் பின்பக்கம் இப்படி இருந்தது: மொத்த மாவுச்சத்து 24 கிராம், நார்ச்சத்து 8, சர்க்கரை ஆல்கஹால் 13. இருபத்து நான்கிலிருந்து இரண்டையும் கழித்தால் 3. அதுதான் முகப்பில் இருந்த எண். சர்க்கரை ஆல்கஹால் என்பது மது இல்லை, இனிப்பூட்டிகளில் ஒரு வகை. அவற்றில் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. எரித்ரிட்டால் பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். அதைக் கழித்தால் பெரிய தவறு இல்லை. என் பாரில் இருந்தது மால்டிட்டால். அதற்குக் கிராமுக்கு இரண்டு கலோரிக்கு மேல் உண்டு. ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்பதைக் காட்டும் எண்ணுக்குக் கிளைசெமிக் குறியீடு என்று பெயர்; சாதாரணச் சர்க்கரைக்கு அது ஏறக்குறைய 65 என்றால் மால்டிட்டால் பொடிக்கு 35, பாகாக இருந்தால் இன்னும் அதிகம். அதை முழுவதுமாகக் கழிப்பது கடனில் பாதி இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று எழுதிக்கொள்வதற்குச் சமம். நார்ச்சத்திலும் இப்படி ஒன்று உண்டு. ஐசோமால்டோ ஒலிகோசாக்கரைடு என்ற பாகை நார்ச்சத்து என்று கணக்கில் சேர்த்துப் பல பார்கள் வந்தன; அதில் ஒரு பகுதி குடலில் செரித்துச் சர்க்கரையாகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைத் தன் நார்ச்சத்துப் பட்டியலில் சேர்க்கவில்லை. நெட் கார்ப் என்ற சொல்லுக்கே அந்த நிர்வாகம் வரையறை எதுவும் தரவில்லை. ஆக, எதைக் கழிப்பது என்பதைத் தயாரிப்பவரே முடிவு செய்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் குளுக்கோமீட்டரை வாங்கி வந்தேன். வெறும் வயிற்றில் 101. அந்தப் பார் ஒன்று சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து 139. அடுத்த ஞாயிறு, மருந்துக் கடையில் வாங்கிய சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் நான்கு: 163. அந்தப் பாக்கெட்டில் முதல் பொருளாக மைதா இருந்தது. எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி; மைதா முதலில் இருந்தால், சர்க்கரை இல்லை என்ற வாசகத்தால் நமக்கு ஆவது கொஞ்சம்தான். மூன்றாவது ஞாயிறு கீரையும் இரண்டு முட்டையும்: 108. இது என் ஒருத்தியின் உடம்பு, ஆளுக்கு ஆள் மாறும். வீட்டில் கருவி இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பாதாம் பிஸ்கட்டில் கழித்தல் சரியாகவே இருந்தது. அங்கே சிக்கல் வேறு. பாதாம் மாவும் வெண்ணெயும் சேர்ந்தால் 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல் போகும். ஒரு பரிமாறல் என்று அட்டையில் போட்டது 10 கிராம், ஒரே ஒரு பிஸ்கட். போகப்போக நான் தின்றது நான்கு. மாவுச்சத்து ஏறாவிட்டாலும் தினமும் இரு நூறு கலோரி கூடிக்கொண்டே இருந்தால் எடை எப்படி இறங்கும்?

வயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் யாராவது ஒருவருக்குப் பயன்படும். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திய இரவில் மூன்று சாக்லேட்டும் ஒரு பாரும் சாப்பிட்டேன். மறுநாள் காலை பாலக்கோடு பஸ்ஸில் பாதி வழியில் வயிறு புரட்டி, இறங்கியே ஆகவேண்டிய நிலை. சாலையோரம் இருந்த ஒரு வீட்டில் போய் நின்றேன். அந்த வீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் வழிகாட்டி, திரும்பி வந்ததும் மோர் கொடுத்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்து உறையை விரித்துப் பார்த்தால், மடிப்புக்குள் பொடி எழுத்தில் பாலியால்கள் மலமிளக்கக்கூடும் என்று இருந்தது. நூற்றுக்குப் பத்துப் பங்கும் அதற்கு மேலும் பாலியால் இருந்தால் அந்த எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது விதி. பாலியால் என்பது சர்க்கரை ஆல்கஹாலின் மறுபெயர்தான். முகப்பில் 3 கிராம் பெரிதாகவும் இது இப்படியும் இருந்தது எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது. இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை.

அத்தைக்கு, என் மாமியாருக்கு, வயது 74. படுத்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது மருந்தா, பண்டமா?" என்று கேட்டார். பண்டம்தான் அத்தை என்றேன். "அப்படியென்றால் ஏன் வேளை தவறாமல் தின்கிறாய்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. வேளாவேளைக்கு மருந்து போலத்தான் தின்றுகொண்டிருந்தேன்.

செலவையும் கூட்டிப் பார்த்தேன்: மாதம் 2,400 ரூபாய். முட்டை ஆறு ரூபாய் விற்ற காலம் அது. நானூறு முட்டை.

அதன் பிறகு வரவழைப்பதை நிறுத்தினேன். முதல் பத்து நாள் நான்கு மணி கடினமாகவே இருந்தது, தலைவலிகூட வந்தது. அப்போது உதவியவை இரண்டு. ஒன்று, கைப்பிடி வேகவைத்த கடலை. இதற்கும் அளவு வேண்டும், பொட்டலம் முழுக்கத் தின்றால் அதுவும் கூடிவிடும். இன்னொன்று பெருநெல்லிக்காய். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்தான் இன்றைய தர்மபுரி என்பதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெருமை. ஆனால் உழவர் சந்தையில் அதை வாங்குவோர் குறைவு. ஒரு நெல்லியை மென்று தின்றுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். அந்தத் தண்ணீர் இனிக்கும். சாப்பாட்டுக்குப் பின் ஏதோ இனிப்பு வேண்டும் என்று நாக்கு கேட்டால் எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. நவம்பர் கடைசியில் கேரட் மறுபடி இனித்தது.

2023 மே மாதம் உலக சுகாதார அமைப்பு, எடையைக் கட்டுப்படுத்துவதற்காக சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அது ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்றவற்றுக்கானது. சர்க்கரை ஆல்கஹால்கள் அதில் சேரவில்லை. நீண்ட காலத்தில் கொழுப்பு குறைய அவை உதவுவதில்லை என்பது அதில் சொன்ன காரணம். படித்தபோது என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த மாதம் கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலம். முந்தைய ஆண்டு ஊரெல்லாம் மாம்பழ மணம் வீசியபோது நான் உறையைக் கிழித்துச் சாக்லேட் தின்றுகொண்டிருந்தேன். இந்த முறை ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டோடு இரண்டு துண்டு மாம்பழம் சாப்பிட்டேன். 100 கிராமில் 15 கிராம் மாவுச்சத்து என்று முழுதாகவே எழுதிக்கொண்டேன், எதையும் கழிக்கவில்லை. இப்போது என் எடை 70. சர்க்கரை சராசரி 5.6.

நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், மாவுச்சத்தைக் குறைத்திருப்பதை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை திடீரென்று மிகவும் தாழ்ந்துபோகலாம்.

ஏற்கெனவே பெட்டியை வாங்கிவிட்டீர்கள் என்றால் பின்பக்கத்தைத் திருப்பி முதல் மூன்று பொருள்களைப் படியுங்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள், இரண்டு வேண்டாம். சைலிட்டால் (இதுவும் ஒரு சர்க்கரை ஆல்கஹால்) என்று எழுதியிருந்தால் நாய் வளர்ப்பவர்களிடம் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவுகூட நாயின் உயிருக்கு ஆபத்தாக முடியும்.