கூடைப்பந்து அணியில் நட்சத்திர வீரரை வைத்துக்கொண்டு துணை வீரர்களை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கூண்டோடு வேண்டாம். நட்சத்திர வீரர் வெளியே உட்கார்ந்ததும் முன்னிலை கரைகிறது என்கிறீர்கள். பெஞ்சில், அதாவது மாற்று வீரர்களில், தூரத்திலிருந்து கூடை போடும் ஆள் இல்லாததுதான் காரணமாக இருக்கும். அப்போது எதிரணி வளையத்தடியிலேயே நெருக்கி நிற்கும்.

ஸ்கோர் அட்டையைப் பாருங்கள். நட்சத்திர வீரரின் பிளஸ்-மைனஸ் (அவர் களத்தில் இருந்தபோது அணி எடுத்த புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம்) கூட்டலில் இருந்தும் அணி தோற்றிருந்தால் ஓட்டை பெஞ்சில்தான். காலையில் வெள்ளவத்தை பஸ்ஸில் ஹைலைட்ஸ் பார்த்தால் இது தெரியாது. அதில் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் மட்டும்தான்.

அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆடும் டெட்ராய்ட் அணி 2023-24இல் வென்றது 14 ஆட்டம்தான். நட்சத்திர வீரர் கேட் கன்னிங்ஹாமை வைத்துக்கொண்டே ஹாரிஸ், பீஸ்லி, ஹார்டவே மூவரையும் சேர்த்தார்கள். அடுத்த பருவம் 44 வெற்றி. பயிற்சியாளரும் மாறினார், அதையும் கணக்கில் எடுங்கள்.

சரி, ஒரு சிக்கல்: என்பிஏவில் சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணி, வீரர்களைப் பரிமாறும்போது, அனுப்பும் வீரர்களின் சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடாகத்தான் ஆள் எடுக்கலாம்.